ஆணையிடாதே என்று நான் பிரசங்கம் செய்த கதை

புனித அந்தோனியார் என்னிடம் பட்ட பாட்டை வேறு யாரிடமும் பட்டிருக்க மாட்டார். "அந்தோனியாராணை, அஞ்சு நிமிசத்தில வாசல்ல நிப்பன்" என்று தொலைபேசியில் சொல்லும்போது நான் பெரும்பாலும் வீட்டுக்குள் ஒற்றைச் சப்பாத்தோடு மற்றச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். லண்டனில், மோர்டன் பக்கம், கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். ஓட்டச் சோதனையில் மூன்று முறை தவறியவர்களிடமும் "அந்தோனியாராணை, இந்த முறை நீங்கள் பாஸ்" என்பேன். தொலைந்த பொருட்களைத் தேடித் தருகிற புனிதர் அவர். என் வாக்கின் மதிப்பையும் அவர்தான் எங்காவது தேடிப் பிடித்துத் தர வேண்டும் என்பாள் மனைவி.

இப்படிப்பட்ட என் வீட்டில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மகள் சொன்னாள்.

"அப்பா, பொலிசில எடுத்திட்டாங்கள்."

"ஏன் பிள்ளை, என்ன செய்தனி?" என்றேன்.

"பகிடி வேண்டாம். வேலைக்கு எடுத்திருக்கிறாங்கள். அடுத்த மாதம் தொடக்கம்."

மனைவியின் கை சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றது. நான் சிரித்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அதனால் பல செத்தவீடுகளில் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். பழக்குகிற காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்த மத்தியானம் சாப்பாட்டு மேசைக்குக் கீழே என் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. எதுவும் நிற்கவில்லை.

நான் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவுகிற தலைமுறை. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஜேர்மனிக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றைக்கும் ஒரு பொலிஸ்காரர் தெருவில் 'குட் மோர்னிங்' சொன்னால், கேட்காமலேயே பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லிவிடுவேன் போலிருக்கும். இப்போது என் பிள்ளை அந்த உடுப்பைப் போடப் போகிறாளாம். போட்டுக்கொண்டு கத்தி வைத்திருக்கிற பெடியங்களுக்குப் பின்னால் ஓடப் போகிறாளாம். இப்போது வேலை செய்கிற காப்புறுதி அலுவலகத்தில் நல்ல கதிரை, நல்ல ஜன்னல், வெள்ளிக்கிழமைகளில் இலவசப் பீட்சா. அதையெல்லாம் விட்டுவிட்டு.

கோப்பை கழுவப் போன இடத்தில், குசினிக்குள், மனைவி என்னைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள்தான் மறிக்கோணும். நான் கதைக்க வெளிக்கிட்டால் அழுதிடுவன்."

"நான் சொன்னால் கேப்பாளோ?"

"ஆயிரம் பேரை ரவுண்டபோட்டில வளைச்சுத் திருப்பியிருக்கிறியள். பெத்த பிள்ளையைத் திருப்ப ஏலாதோ?"

நேராகச் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். மகள் என்னைப் போல இல்லை. சொன்னதைச் செய்கிற ரகம். தினமும் காலையில் வேதப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத்தான் கோப்பி குடிப்பாள். அப்படியானவளை மறிக்க வேண்டுமென்றால் வேதத்தால்தான் மறிக்க வேண்டும். பொலிசில் சேருபவர்கள் நீதவான் முன்னால் நின்று மன்னருக்கு உண்மையாய்ச் சேவை செய்வோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதைக் கேட்ட அந்தக் கணமே இயேசுவின் மலைப்பிரசங்கம் ஞாபகத்துக்கு வந்தது. இதை எனக்கு ஞாபகப்படுத்தியது எந்த ஆவி என்று இன்றுவரை சந்தேகம்தான்.

அடுத்த நாள் அவள் ஓடிவிட்டு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சிக்காக ஒவ்வொரு காலையும் பார்க்கைச் சுற்றி ஓடுவாள்.

"பிள்ளை, ஒரு விசயம். அங்க உறுதிமொழி எடுக்கோணுமாமே?"

"ஓம். எல்லாரும் எடுக்கிறது."

"ஆண்டவர் ஆணையிடவே வேண்டாம் எண்டல்லோ சொன்னவர். வானத்தின்ர பேரிலயும் வேண்டாம், பூமியின்ர பேரிலயும் வேண்டாம். உன்ர தலையின்ர பேரிலயும் வேண்டாம், ஏனெண்டால் ஒரு மயிரைக் கறுப்பாக்கவோ வெள்ளையாக்கவோ மனிசரால ஏலாது."

மாதத்துக்கு ஒரு முறை தலைக்கு மை பூசுகிறவன் நான். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் பிசகியது. ஆனாலும் சமாளித்து, ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மிஞ்சினதெல்லாம் தீயவனிடமிருந்து வருகிறது என்று பிரசங்கத்தை நிறைவு செய்தேன்.

அவள் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் உண்மையாத்தான் சொல்லுறியளோ அப்பா?"

"அந்தோ..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டேன்.

"நான் அதை யோசிக்கேல்லை," என்றாள். "யோசிச்சுப் பாக்கிறன்."

மேலே போய்விட்டாள். அவள் சண்டை பிடிப்பாள், 'ஊரெல்லாம் ஆணையிடுகிற மனிசன் நீங்களோ எனக்குச் சொல்ல வந்தது' என்று சிரிப்பாள், நானும் சிரித்து இன்னொரு வழி பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். யோசிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் யோசித்தாள். ஓடப் போவது நின்றது. சப்பாத்து வாசலில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சாப்பிடும்போது கதையில்லை. ஒரு பின்னேரம் எட்டிப் பார்த்தேன்: கட்டிலில் வேதப் புத்தகம் திறந்து கிடந்தது, பக்கத்தில் அந்த உறுதிமொழியை அச்சடித்த தாள். இரண்டுக்கும் நடுவில் அவள் நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தாள். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். மனைவிக்கோ கொண்டாட்டம். "நீங்கள் சாமியாராப் போயிருக்கலாம்" என்று சொல்லி எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள். நான் அவற்றைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முன்பு அவள் பொலிசுக்குப் போய்விடுவாளோ என்று பயந்தேன். இப்போது போகாமல் விட்டுவிடுவாளோ என்று பயம். பயந்து விட்டிருந்தால் பரவாயில்லை. பயப்பட எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் இவள் ஆண்டவருக்காக விடப் போகிறாள், அதுவும் ஆண்டவர் சொன்னதை நான் என் வசதிக்கு வளைத்துக் கொடுத்ததை நம்பி. நாளைக்கு மேலே போய் நிற்கும்போது அந்தோனியார் என்னைக் கண்டால் என்ன சொல்வார்? பழைய கணக்கே அவரோடு பெரிது.

அந்தக் கிழமை எங்கள் தமிழ்ப் பூசைப் பாதருக்குக் கார் பழக்கும் பாடம் இருந்தது. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, என்னை விட இருபது வயது இளையவர். பீடத்தில் சிங்கம், ஸ்டியரிங்கில் முயல். மகள் தன்னிடம் வந்து கதைத்ததாக அவரே சொன்னார். என்ன கதைத்தாள் என்று கேட்டேன்.

"அது அவவிட்டக் கேளுங்கோ அண்ணை. நான் உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். குருப்பட்டம் எடுக்கேக்க நான் ஆயருக்குக் கீழ்ப்படிவன் எண்டு வாக்குக் குடுத்தனான். அது பாவமோ?"

"கண்ணாடியைப் பாருங்கோ பாதர். வலப்பக்கத்தால லொறி வருது."

"நீங்கள் கலியாணத்தில என்ன சொன்னனீங்கள்?"

"ஞாபகமில்லை. அண்டைக்கும் பயத்திலதான் நிண்டனான்."

பாதர் சிரித்தார். சிரித்ததில் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். ரவுண்டபோட்டின் வாயிலேயே கார் துள்ளி நின்றது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில், சாவியைத் தேடிக்கொண்டே அவர் சொன்னார்: "அண்ணை, ஒரு பேச்சுக்குப் பத்து ஆணை போடுறவைக்குத்தான் ஆண்டவர் வேண்டாம் எண்டவர். ஒரே ஒருக்காச் சொல்லி, அதுக்காகச் சாகும்வரைக்கும் நிக்கப் போறவளுக்கு அதைச் சொன்னது ஆர் எண்டுதான் நான் யோசிக்கிறன்."

"முதலில காரை எடுங்கோ," என்றேன். காது சுட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல், பழக்கும்போது நான் இருக்கிற இடப்பக்க இருக்கைக்கு மாறி இருந்தேன். மகள் வந்து, மாணவர்கள் இருக்கிற பக்கத்துக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இந்தக் காரில்தான் அவளும் பழகினாள். முதல் முறையிலேயே பாஸ்.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். ஆரின்ரயும் பேரைச் சொல்லி ஆணையிடக் கூடாது. பகிடி விடக் கூடாது. அந்த வசனத்தை நம்பிச் சொன்னனீங்களோ, இல்லாட்டி நான் போறது பயமோ?"

என் வாயில் ஒரு பகிடி தயாராக வந்து நின்றது. அது நல்ல பகிடியும்கூட. விழுங்கினேன்.

"பயம்."

"கத்திக்கோ?"

"கத்திக்குப் பயம். அந்த உடுப்புக்குப் பயம். ஊரில அந்த உடுப்புக்காரர் கேட்ட கேள்வியளுக்குப் பயம். இஞ்சத்தைப் பொலிசைப் பற்றிச் செய்தியில வாற கதையளுக்கும் பயம். நாளைக்கு ஆரோ ஒரு தகப்பன் உன்னைக் கண்டு சட்டைப் பையைத் தடவுவான் எண்டதுக்கும் பயம்."

அவள் கண்ணாடியைச் சரி செய்தாள். கார் நின்றுகொண்டிருக்கும்போது எதற்குச் சரி செய்தாளோ தெரியாது.

"எனக்கும் பயம்தான்," என்றாள். "அந்தத் தாளில நீதியா நடப்பன், எல்லாரையும் சமமா மதிப்பன் எண்டு இருக்கு. ஆண்டவற்ற பேர் அதில இல்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார். சொல்லிப்போட்டுச் செய்யாமல் விட்டிடுவனோ எண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சனான். ஆணை பாவமோ எண்டு யோசிக்கேல்லை."

"அப்ப என்ர பிரசங்கம்?"

"அப்பா, நீங்கள் வேதம் சொன்ன உடனேயே ஏதோ பிழை எண்டு தெரிஞ்சிட்டுது."

அடுத்த காலை சப்பாத்து வாசலில் இல்லை. மனைவி என்னோடு மூன்று நேரச் சாப்பாட்டுக்குக் கதைக்கவில்லை. முட்டைக்கும் அத்தோடு முடிவு.

உறுதிமொழி நாள். பெரிய மண்டபம், வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே என் கை சட்டைப் பையைத் தடவியது. குற்றமற்றவன் போல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன், அந்த முகம் எப்படியிருக்கும் என்று மறந்துபோய்விட்டது. மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் வெளியே வந்தது. கோயில் தீர்த்தம். மகளின் தலையில் தெளிக்கக் கொண்டு வந்திருக்கிறாள், எனக்கும் சொல்லவில்லை. காவலாளி மரியாதையாக, இது என்ன, ஒரு வாய் குடித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"குடிக்கட்டாம்."

"தீர்த்தத்தைக் குடிக்கிறதோ?"

"குடியும். இல்லாட்டி உம்மைப் பிடிச்சு முதல் கேசா மகளிட்டத்தான் குடுப்பாங்கள்."

அவள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் குடித்தாள். காவலாளியும் ஏனோ தொப்பியைக் கழற்றினார்.

உள்ளே இளம் பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்றார்கள். புது உடுப்பு, தோளில் மடிப்புக் கலையாமல். நீதவான் சொல்லச் சொல்ல ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். அத்தனை குரலுக்குள் என் பிள்ளையின் குரலைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. உதடுகள் மட்டும் தெரிந்தன. நேரே பார்த்து, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக. நான் ஆணையிடும் வேகத்தில் அதற்குள் இரண்டு கிழமைக்குத் தேவையான ஆணைகளைச் சொல்லி முடித்திருப்பேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை.

மாதக்கணக்கான பயிற்சியெல்லாம் முடிந்து தெருவில் அவளுக்கு முதல் ஷிப்ட் வந்தது. விடியவே வெளிக்கிட்டாள். மனைவி சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சுகமா வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போ."

"கவனமா இருப்பன் அம்மா."

"அது இல்லை. வருவன் எண்டு சொல்லு."

"கவனமா இருப்பன்," என்றாள் மகள் மறுபடியும், மெதுவாக. தாயின் கன்னத்தில் கொஞ்சினாள். பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் அவளுக்கு? சும்மா ஒரு வார்த்தை."

சும்மா ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு இனிமேல் ஏலாது என்று எனக்கு விளங்கியது. அதைச் சொன்னால் மனைவி தேறுவாளா, இன்னும் பயப்படுவாளா என்று தெரியாமல் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டேன்.

அன்று மத்தியானம், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரு மாணவிக்குப் பாடம். இரண்டு பிள்ளைகளின் தாய், நிதானமான ஓட்டம். பின்னால் சைரன் கேட்டது. நான் சொல்லித் தந்தபடியே அவர் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கினார். நீல வெளிச்சம் சுழல ஒரு பொலிஸ் கார் எங்களைக் கடந்து பாய்ந்தது. என் கை தானாக நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போனது.

தங்கச்சி அதைப் பார்த்துவிட்டார். "ஏன் அண்ணை, என்ர ஓட்டம் அவ்வளவு மோசமோ?"

"இல்லைத் தங்கச்சி. அதுக்குள்ள போறது என்ர மகளோ தெரியாது. இண்டைக்குத்தான் முதல் நாள்."

அவர் சைவ சமயம். கார் போன திசையைப் பார்த்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்துக் கும்பிட்டார். எங்கள் கார் இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருந்தது.

"ரண்டு கையும் ஸ்டியரிங்கில தங்கச்சி," என்றேன், என் பக்கத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டு.