குரலைக் கழற்றி மாட்டியவர்

அக்காவின் ஆள்காட்டி விரல் விசைப்பலகையின் ‘ஒய்’ பொத்தானுக்கு மேலே நிற்கிறது. அழுத்தினால் சம்மதம், இன்னும் அழுத்தவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் மூச்சுவிடாமல் எதையோ ஒப்பிக்கிறது. பக்கத்து மேசைக்காரியான எனக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. அக்காவுக்கு அத்தனையும் பிடிபடும். "ம்... ம்... இந்த லிஸ்ட்ல இவன் எதுக்கு?" என்று முணுமுணுத்து விரலை எடுத்துவிடுகிறார்.

எங்கள் மருத்துவமனைக் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர் இவர்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினி எழுத்தை வாசித்துச் சொல்லும், இவர் கேட்டுக்கொள்வார். நாள் முழுக்க அந்தச் சத்தம் ஓடுவதால் ‘ரேடியோ அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டோம். படமும் சுட்டியும் இவருக்கு எதற்கு? ஒரு வரிக் கட்டளை தட்டினால் மென்பொருள் வந்து உட்காரும். இன்னொரு வரி தட்டினால் மூட்டை கட்டும். திரையை அணைத்தேதான் வைத்திருப்பார். "யாருக்குடி அது? கரண்ட்டுக்குக் கேடு." நானோ ஓர் அச்சுப்பொறியை மாட்டுவதற்குள் அழுதுவிடுவேன்.

"இந்த சாஃப்ட்வேருங்க தனியா வராது, சொந்தபந்தத்தோடதான் வரும். போறப்பவும் அப்படித்தான். யார் யாரைக் கையோட இழுத்துட்டுப் போகுதுன்னு முழுசாக் கேட்டுட்டுத்தான் சரின்னு சொல்லணும். கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்கல" என்பார். காலையில் கொண்டுவந்து விடும் கணவர், "அதான் இன்னும் என்னை நீக்காம வச்சிருக்கா" என்று சிரித்துக்கொண்டே போவார்.

போன வாரம் புது மேலாளர் வந்தார். "கண்ணு தெரியாதவங்க கையில இத்தனை மெஷினா? சரிப்படுமா?" என்றவர், ஒருநாள் கூடவே நின்று பார்த்த பிறகுதான் அக்காவை அந்த இருக்கையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பேன் என்றார். அவர் வந்து திரையைப் போடச் சொன்ன அன்றைக்குத்தானா அது நடக்க வேண்டும்! புதிதாக ஏற்றிய ஏதோ ஒன்று ஒலியைக் கெடுத்துவிட்டது. குரல் திக்கியது, பாதிச் சொற்களை விழுங்கியது.

"அந்தப் பொண்ணு படிச்சுச் சொல்லட்டுமே" என்று மேலாளர் என்னைக் காட்டினார்.

"இன்னைக்கு இவ படிப்பா சார். நாளைக்கு இவ லீவு போட்டா?" என்றார் அக்கா.

கெட்டதை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். நீக்கும் கட்டளையைத் தட்டினார். கூடவே கிளம்பப்போகும் பெயர்களைக் குரல் திணறித் திணறி வாசித்தது. கடைசிப் பெயரைத் திரையில் படித்தேன், அந்தக் குரலுடையதே. அக்கா ஒய்யை அழுத்தினார். குரல் செத்துப்போனது.

இனிக் கணினி என்ன சொன்னாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்த மௌனத்தில் குரலை மறுபடி நிறுவும் கட்டளையைத் தட்ட ஆரம்பித்தார். நடுவில் ஓர் எழுத்தில் விரல் வழுக்கியது. திரையில் பார்த்தேன், தப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் வரி முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார். அம்மாடி! கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே நான் கோட்டைவிடும் தப்பு அது. இப்படியொரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

உள்ளங்கையைக் கணினிப் பெட்டியின் மேல் வைத்துக் காத்திருந்தார். வேலை முடிந்து உள்ளே விசிறியின் இரைச்சல் அடங்கியதும் குரலை எழுப்பும் கட்டளையைத் தட்டினார். ஒன்றுமில்லை. மேலாளர் தொண்டையைச் செருமினார். நான் வேண்டாத தெய்வமில்லை.

பிறகு வந்தது. தெளிவாக, திக்காமல், படபடவென்று.

"என்ன சொல்லுது?" என்றார் மேலாளர்.

"எல்லாம் சரியா உக்காந்திருச்சுன்னு சொல்லுது சார்."

அவர் குனிந்து திரையில் இருந்த கடைசி வரியைப் படித்துப் பார்த்தார். "நீங்களே பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு மேசைக்கு அடியில் துழாவி என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லிட்டு, தொப்பலாக நனைந்திருந்தது.