பாறையடிப் பாதைக்கு ஒரு நாள்

என் மனைவிக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் நேராக மட்டும் பார்க்கும்; பக்கவாட்டிலோ காலடியிலோ இருப்பது தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். சொட்டு மருந்து மூன்று வகை. காலையில் இரண்டு, படுக்கும்போது இரண்டு. அதில் ஒன்று இரண்டு வேளைக்கும் பொது. நான்தான் விடுகிறேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று உறுதி சொல்வதற்கில்லை என்று கார்த்திகை மாதம் சொல்லி அனுப்பினார்கள்.

ஆட்டோவில் கோச்சடைக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அவள் சொன்னாள்.

"தங்கச்சி போன்ல படம் அனுப்புனாள்ல, அந்தச் செவத்தப் பாறை, அடியில கடலு. அங்க ஒருதரம் நடந்துட்டு வந்துரணும். கண்ணு இருக்கப்பவே."

அவள் ராமேஸ்வரம் பார்த்தவள், கன்னியாகுமரியும் பார்த்தவள். ஆனால் அங்கெல்லாம் முழுக்குப் போட்டோம், ஈரப்புடவை மாற்ற மறைவு தேடினோம், சாமி கும்பிட்டோம், பஸ்ஸைப் பிடித்தோம். கடலைப் பார்ப்பதற்கென்று ஒருமுறைகூடப் போனதில்லை.

அவள் சொன்னது கேரளத்து வர்க்கலை. கடலோரத்தில் செம்மண்பாறை சுவர்போலச் செங்குத்தாக நிற்கிறது. உச்சியிலும் ஒரு பாதை உண்டு, கடைகளெல்லாம் அங்கேதான். ஆனால் ஒரு பக்கம் பாதாளம். காலடி தெரியாதவளை அங்கே கூட்டிப்போக முடியாது. கீழே இருப்பது வேறு பாதை. பாறைக்கும் அலைக்கும் நடுவே ஒடுக்கமாகப் போகிறது. கோயில் பக்கத்துக் கடற்கரையில் இறங்கினால் படியே இல்லாமல் சமதரையாக நடந்துவிடலாம். அவளுக்கு ஆகிற பாதை அது ஒன்றுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதையில் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் செருப்பைக் கையில் வைத்திருந்தார்கள். அப்படியானால் தண்ணீர் அங்கே ஏறுகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். சோழவந்தான் பக்கத்துக் கால்வாய்களில் அளவுப் பலகை பார்த்தே தலை நரைத்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் சொல்லிக்கொண்டு வரும் தண்ணீர். அணையில் ஷட்டர் தூக்கினால் போன் வந்துவிடும். எந்தப் பாலத்துக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கடலுக்கு யாரிடம் கேட்பது?

மகன் சமயநல்லூரில் இருக்கிறான், தனியார் கம்பெனி வேலை. விஷயத்தைச் சொன்னதும் அன்றே தேதி குறித்துவிட்டான்.

"தை அமாவாசைக்குப் போயிருவோம்ப்பா. அங்க கடக்கரையில நம்ம தாத்தாவுக்குத் தர்ப்பணமும் குடுத்துறலாம். ஒரே போக்குல ரெண்டு சோலி."

அவளுக்கும் நிறைவு. அமாவாசை நல்ல நாள், முன்னோர் கூட வருவார்கள். எனக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. வைகைக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றுதானே. நிலவைப் பார்த்தா தண்ணீர் திறக்கிறார்கள்?

தங்கும் அறைக்குச் சொல்லிவைக்கப் போன் போட்டேன். எடுத்த மேலாளருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"அமாவாசைக்கா? அய்யோ சாரே, அன்னைக்குக் கடல் நல்லா ஏறும். உச்சி நேரம் கீழ்ப்பாதை காணவே காணாது. அலை வந்து பாறையிலே அடிக்கும்."

"அப்ப எப்பத்தான் நடக்கிறது?"

"காலையிலே வெளுக்குன்ன சமயம். இல்லெங்கில் வைகிட்டு, இருட்டப்போற நேரம். அப்போ இறங்கும்."

"வயசான அம்மா. கண்ணு வேற சரியில்ல, அரை இருட்டுல கூட்டிட்டு வரப் பயமா இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கில் அமாவாசை கழிஞ்சு எட்டு, ஒம்பது நாள் விட்டு வாங்க சாரே. அப்போ கடலுக்கு மடி, சோம்பல். ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. நட்டுச்சிக்கே, உச்சி வெயில்லேயே நடக்கலாம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டு விரலை மடக்கினேன். பிரதமை, துவிதியை என்று வந்து எட்டாவது விரலில் அஷ்டமி, ஒன்பதாவதில் நவமி. காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி சனிக்கிழமை, நவமி ஞாயிறு. மகனுக்கு விடுமுறை. அஷ்டமி இரவு ரயில் ஏறினால் நவமி பகலில் நடக்கலாம். கடலுக்குப் பொருந்தியது, ரயிலுக்குப் பொருந்தியது, மகனுக்கும் பொருந்தியது. எங்கள் வீட்டுக்குத்தான் பொருந்தவில்லை. அஷ்டமியில் முறுக்குக்குக்கூட எண்ணெய்ச் சட்டி வைக்காதவள் அவள்.

சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அஷ்டமியில கெளம்பி நவமியில நடக்கணுமா? எடது கண்ண என்னைக்கு அறுத்தாக, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி அன்று அஷ்டமி. நாங்கள் வந்து சேர்ந்ததே தாமதம், நரம்பு முன்னமே பட்டுப்போயிருந்தது என்று மருத்துவர் படம் வரைந்தெல்லாம் விளக்கினார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் கணக்கில் அந்தக் கண்ணைக் கொண்டுபோனது அஷ்டமிதான்.

"இருக்கிறது ஒத்தக் கண்ணு. அதையும் கொண்டு போயி அஷ்டமிகிட்ட குடுக்கச் சொல்றீகளா?"

மகன் வந்து சமாதானம் பேசினான். "ஏம்மா, அமாவாசைக்கே போவோம். சாயந்தரம் தண்ணி எறங்குனதும் நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். எம்புட்டு நேரம், அரைமணி நேரம்."

"அதுதான் சரி. அவரு பேச்சக் கேட்டா கடலுக்குக் கதவு வச்சுப் பூட்டச் சொல்வாரு" என்றாள்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் பாதை போட்டேன். கைப்பிடிச் சுவர்தான் பாறை. படத்தில் இருவர் தோள் உரச நடந்த அகலத்தை விட்டு, தேங்காய் நார்க் கயிற்றை நீளமாகப் போட்டேன். அதற்கு அப்பால் கடல். விழுந்து கிடக்கும் கற்களுக்காக நான்கு செங்கல். அவளைக் கூட்டிவந்து நடக்கச் சொன்னேன்.

"பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள். ஆனாலும் நடந்தாள். நல்ல வெயில். கோழிபோலத் தலையை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்று செங்கலைத் தாண்டிவிட்டாள், ஒன்றில் மட்டும் கால் இடித்தது. கயிற்றை மிதிக்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீகளா? அமாவாசைக்கே போவோம்."

"சாயந்தரம் ஒருவாட்டி நட" என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி ஏறினோம். எனக்கு எல்லாம் தெரிந்தது: கயிறு, செங்கல், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை. அவள் பகலைவிட வேகமாக, தைரியமாக நடந்தாள். அந்தத் தைரியம் கண்ணால் வந்ததல்ல என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் செங்கலில் தடுக்கினாள், சமாளித்தாள். அடுத்ததற்கு முன்னாலேயே கயிற்றைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். நின்றாள்.

"கயிறு இன்னும் வரலயா?" என்று கேட்டாள்.

கயிறு அவளுக்குப் பின்னால் கிடந்தது.

பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். என் கை வருவது தெரியாமல் திடுக்கிட்டாள். தினமும் இந்த நேரத்தில்தான் விளக்கேற்றுகிறாள், அடுப்பு பற்றவைக்கிறாள், எனக்குத் தோசை வார்க்கிறாள். எல்லாம் கைப்பழக்கத்தில் நடந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"எம்புட்டு நாளா இப்படி?"

"ஒரு வருசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நாள எண்ண ஆரம்பிச்சுருவீக."

அவளைச் சுவரோரம் கூட்டிவந்து விட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டினேன். அவள் சுவரைப் பிடித்தபடி நின்றாள். இருட்டிக்கொண்டு வந்தது.

"பகல்லதான் போகணும், இல்ல?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நவமின்னா நவமி. தண்ணி நாள் பாத்துல்ல எறங்குது. ஆனா நான் அஷ்டமியில பொறப்பட மாட்டேன். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல பரஸ்தானம் வச்சுருவேன்."

கிளம்பும் நாள் சரியில்லை என்றால் அதற்கு முந்தைய நல்ல நாளிலேயே பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் அது பாதி வழியில் போவதுதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்.

எதிர்வீட்டு அம்மா சௌராஷ்டிரக்காரர். உள்ளே மருமகளிடம் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, வாசலுக்கு வந்து தமிழுக்கு மாறினார்.

"என்னக்கா, அண்ணனோட சண்டை போட்டுப் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டீகளா?"

"அவரையே தூக்க வச்சுக் கூட்டியாந்துருக்கேன், பாரு" என்றாள் என் மனைவி. பெட்டியை அவர்கள் பூஜை அறை ஓரமாக வைத்தோம். அதில் இரண்டு புடவை, துண்டு, மூன்று சொட்டு மருந்தில் ஒவ்வொன்றுக்கும் உபரியாக ஒன்று.

தெருவைத் தாண்டித் திரும்பும்போது எனக்கு அடுத்த கவலை வந்தது. கோயில் பக்கமிருந்து வடக்கே நடந்தால் பாறை வலது கைப்பக்கம், கடல் இடது கைப்பக்கம். போகும்போது முழுக்கக் கடல் அவளுடைய பட்டுப்போன கண் பக்கமாக இருக்கும். அந்தக் கோடியிலிருந்து தெற்கே வரலாம் என்றால் அங்கே படி இறங்க வேண்டும். இதை அவளிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவள் வாசற்படியைக் காலால் தடவி ஏறினாள்.

"போறப்ப நீங்க பாத்துச் சொல்லுங்க. வாரப்ப நானே பாத்துக்கிறேன்."

"என்ன சொல்லட்டும்?"

"எத்தன அலைன்னு சொல்லாதீக. என்ன நெறம்னு சொல்லுங்க."

அன்று இரவு அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கரையோரம் கலங்கல், அதற்கு அப்பால் பச்சை, அதற்கும் அப்பால் நீலமா சாம்பலா என்று தெரியவில்லை. மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "படுங்கப்பா" என்றான்.