பிள்ளையார் பாட்டும் கருகிய யூனிட்டும்

பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்காரன் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுச் சுகமாக இருப்பான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2004 முதல் ஆறு வருடம் தேனியில் அந்தக் கடையை நடத்தினேன். கம்ப்யூட்டரில் பாட்டுகளைச் சேர்த்து வைத்து அவதிப்படும் உங்களுக்கு என் கதை புரியும்.

கியரா, வால்யூமா

ஒரு எம்.பி.3 சிடியில் நூற்றைம்பது பாட்டு. ஒன்று பழைய கேசட்டிலிருந்து எடுத்தது, ஒன்று புதுப்படம், ஒன்று யாரோ பென் டிரைவில் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம். சுருளிப்பட்டி மினி பஸ் டிரைவர் நான் கொடுத்த சிடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

"ஒரு பாட்டு காதுல குசுகுசுங்குது, அடுத்தது கன்னத்துல அறையுது. நான் கியரப் பிடிக்கவா, வால்யூமப் பிடிக்கவா?"

நாலு நாள் மௌனம்

சத்தத்தைச் சமப்படுத்த ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. ஒவ்வொரு பாட்டையும் அளந்து, குறைந்ததை ஏற்றி, கூடினதை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். என்னிடம் இருந்ததோ ஒன்பதாயிரம் பாட்டு. நடுவில் கரண்ட் போனால் எதுவரை முடிந்தது என்று தேடவேண்டும். அளக்கும்போது பாட்டும் ஒலிக்காது. திரையில் ஒரு கோடு மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"நாலு நாளா பெட்டி ஓடுது, ஒரு பாட்டுகூடக் கேக்கல. இங்கன உக்காந்து அப்பிடி என்னதான் பண்றீக?"

காதுகுத்து வீடு

சாமிப் பாட்டுகளை மட்டும் நான் தொடவில்லை. பிள்ளையார் பாட்டை ஏற்றி இறக்க நான் யார் என்று ஒரு பயம். அங்கேதான் தப்பு நடந்தது.

பழனிசெட்டிபட்டியில் விசேஷங்களுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விட்ட அண்ணன்தான் எனக்குப் பெரிய வாடிக்கை. அவர் விலகினால் கடையைப் பூட்டவேண்டியதுதான். எந்த விசேஷத்திலும் அவருக்கு முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. அதைக் கேட்டுத்தான் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைத் திருகி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். ஒரு காதுகுத்து வீட்டில் பிள்ளையார் ரொம்ப மெதுவாகப் பாடியதால், நன்றாகவே திருகிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது, நான் மட்டத்துக்கு ஏற்றி வைத்த குத்துப்பாட்டு. ஊசியோடு குனிந்த ஆசாரி துள்ளி எழுந்தார், பிள்ளை வீறிட்டது, குழாய் ஸ்பீக்கருக்குள் சத்தம் எழுப்பும் யூனிட் கருகிப் புகைந்தது. அவர் செட் போடும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பத்து நாள்கூட இல்லை. கருகிய யூனிட்டை என் மேசையில் வைத்துவிட்டு, சாமிப் பாட்டைத் தொடப் பயந்த கதையை நான் சொல்லச் சொல்ல அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"சாமிக்குப் பயந்தது சரி தம்பி, எனக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாம்ல."

எட்டு நாள்

அன்றைக்கே செருப்பைக் கழற்றிப்போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவரில் தொடங்கி மாரியம்மன் வரை எல்லாரையும் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் மதுரையில் வேறு கடை பார்த்துவிட்டதாகக் கேள்வி. ஆனாலும் திருவிழாவுக்கு முந்தின நாள் வந்தார். சிடிகளை வாங்கிப் போனார். திருவிழா எட்டு நாள். எந்த நேரமும் இன்னொரு யூனிட் மேசைக்கு வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் வெறுங்கையோடு வந்து ஸ்டூலில் சாய்ந்தார்.

"எட்டு நாளும் குழாய்ப் பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல தம்பி. அடுத்த வருசமும் நீயே போட்டுக் குடு."

ஒன்பதாயிரம் பாட்டோடு மல்லுக்கட்டி நான் வாங்கிய ஒரே பாராட்டு, அதை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான்.