வலது பக்கப் பொத்தான்

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் ஒரே தங்கை; கல்யாணமாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பூவத்தில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, எங்கள் ஊர் குரும்பகரத்தில் இறங்கி, ஒரு துணிப்பையுடன் வாசலில் நின்றாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை துணி சுற்றியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அன்று இரவு அம்மா சித்தியின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். காரைக்காலுக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். அதற்கு அவருக்கு நாள் வாய்க்கவில்லை.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன கேம் பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு டிஸ்க். தொலைந்துபோன தன் நிழலைத் தேடி மேகங்களுக்கு மேலே போகும் ஒரு பெண்ணின் கதை அது. அதே கதையின் சினிமாப் படத்தைத் தமிழில் பேசவைத்து டிவியில் போட்டபோது பார்த்திருக்கிறேன். படத்தில் அவள் வெள்ளைக் கழுகின்மேல் ஏறிப் பறப்பாள். விளையாட்டில் கழுகையே காணோம். மிதக்கும் டீ கெட்டில்களின்மேல் ஒவ்வொன்றாகத் தாவ வேண்டும். வாத்துகள் அவள்மேல் பழைய பூட்ஸுகளை வீசும். தவறி விழுந்தால் அவள் அலறமாட்டாள். தொப்பியைக் கழற்றி, நம்மைப் பார்த்துக் குனிந்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுக் கீழே போவாள்.

"மன்னிச்சுக்குங்கன்னு சொல்றாளோ என்னவோ" என்பாள் சித்தி.

காலாண்டுப் பரீட்சை முடிவதற்குள் அந்தப் பெட்டியைத் தொட்டால் அதை வாய்க்காலில் வீசிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர், கையும் நீளும். ஆனால் அவர் ஆபீஸ் முடிந்து வர ஏழு மணியாகும். அம்மாவும் அம்பகரத்தூர்த் தையல் கடையைச் சாத்திவிட்டு அதே நேரத்துக்குத்தான் வருவாள். இடைப்பட்ட நேரத்தில் சித்தியை ஏமாற்றி விளையாட வழியில்லை. அதனால் அவளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

ஜாய்ஸ்டிக்கை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொள்வோம். இடது பக்கம் அவளுக்கு. இடது கையால் அந்தப் பெண்ணை நடக்கவைப்பாள். வலது பக்கப் பொத்தான் எனக்கு; நான் தாவவைப்பேன். "இப்ப… இப்ப… குதிடி!" என்று சித்தி கத்துவாள். நான் ஒரு நொடி பிந்துவேன். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றுவாள். சித்தி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். இருபது நாளில் மூன்று லெவல் முடித்து நான்காவதில் மாட்டிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் காரில் வந்தார்கள். ஆப்பிளும் ஒரு கிலோ ஸ்வீட்டும் வாங்கி வந்திருந்தார்கள். சித்தியை அனுப்பிவையுங்கள் என்றார்கள். அப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"அவளால ஒரு டம்ளரக்கூடப் புடிக்க முடியல. கை குணமாவட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

சித்தப்பாவின் அண்ணன் டிவிக்குக் கீழே கிடந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார். "இத யாரு வெளையாடுறது?" என்று சும்மாதான் கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பரீட்ச நேரத்துல இத எடுத்தியா நீ?"

"நான் தொடவே இல்லப்பா. சித்திதான் வெளையாடுவாங்க. மூணு லெவல் முடிச்சிட்டாங்க."

சித்தப்பாவின் அண்ணன் சிரித்தார். "இத ரெண்டு கையாலல்லவா வெளையாடணும்? கை நல்லாத்தானே இருக்கு."

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தாள். "என்னடி இது? நெசமா?"

சித்தி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாக்கா, நாந்தான்" என்றாள்.

அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் இலை போட்டாள். சாப்பாடு முடிந்ததும் சித்தி கிளம்பினாள். காரில் ஏறும்போது, "பரீட்சைக்கு ஒழுங்காப் படி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். பையை இடது கையில் வைத்திருந்தாள்; கதவைச் சித்தப்பா சாத்தினார்.

ஐந்து வருடம் கழித்து அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தாள். விருந்துகளில் பந்தியில் உட்காரமாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. கேட்கும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அடி விழவில்லை என்பதுதான். மறுநாள் பள்ளிவிட்டு வந்து, ஆளில்லாத வீட்டில் டிவியைப் போட்டு, ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். அத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்த நான்காவது லெவலை ஒருமுறைகூட விழாமல் முடித்தேன். சித்தி கூட இருந்ததால்தான் இவ்வளவு நாள் இழுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.