மலைக்கு எதிரே சொல்லாத பெயர்

எங்கள் மலையின் பெயரை மலை பார்க்கும்படி சொல்லக் கூடாது. சொன்னால் அதற்குக் கோபம் வரும். பின்னாலேயே பனிக்காற்று வரும். வெளியில் இருக்கும்போது 'ஹைர்ஹான்', அதாவது கருணையுள்ளவர், என்பதோடு நிறுத்திக்கொள்வோம். கிணறு, கணவாய், மேய்ச்சல் பள்ளம் எல்லாவற்றின் பெயரையும் குதிரைமேல் போகும்போதே கற்றுக்கொள்ளலாம். மலையின் பெயரை மட்டும் கூடாரத்துக்குள், கதவை அடைத்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

என் பெரியம்மா துல்மாவுக்குத் தெரியாத இடப்பெயர் எங்கள் பக்கத்தில் கிடையாது. புதிதாக வைப்பதிலும் கெட்டிக்காரி. என் மாமா லாரியைக் கவிழ்த்த இடம் அவளால்தான் இன்று எல்லோர் வாயிலும் 'உருளைக்கிழங்குப் பள்ளம்'. மருமகள் சரூல் வீட்டுக்கு வந்த அன்று, தேநீர் கொடுப்பதற்கு முன்பே அவள் காதில் மலையின் பெயரைச் சொன்னாளாம்.

நாலைந்து நாடுகள் சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பிய மார்ச் மாதம், சரூலுக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த பெரியம்மாவின் முகம் மாறியது. குழந்தை குறுக்கே கிடந்தது. சரூலின் கணவனான தன் மகனை அவளருகே உட்காரவைத்துவிட்டு, டவர் கிடைக்கும் மேட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். நேர் எதிரே மலை, ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல் நின்றது.

வலி எடுத்ததுமே மகன் இங்கே வந்து அழைத்திருந்ததால் ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. ஓட்டுநர் பிலெக்கும் கூட வந்த மருத்துவரும் மாவட்டத்துக்குப் புதியவர்கள். பெரியம்மாவின் கைபேசியில் பிலெக் கத்தினான்:

"அக்கா, ஹைர்ஹான் ஹைர்ஹான்னா எந்த ஹைர்ஹான்? இங்க மூணு பேர் இருக்காங்களாமே! ரோடு ரெண்டாப் பிரியுது, பனி கண்ணை மறைக்குது. பேரைச் சொல்லுங்க!"

நான் கைபேசியைப் பிடுங்கப் போனேன். "குடு பெரியம்மா, நான் சொல்றேன். கோபம் என்மேல வரட்டும்."

"நீ அடுத்த பிளேன் ஏறிப் போயிடுவே. பொறக்கப்போற புள்ளதான் இவர் முகத்துலயே முழிக்கணும்." என் கையைத் தட்டிவிட்டு அவனிடம் கேட்டாள்: "தம்பி, நீலத் தகரம் போட்ட ஆட்டுக்கொட்டில் ஏதாவது தெரியுதா?"

"தெரியுது."

"அது கோம்போவோடது. பக்கத்துக் கூடாரத்துல இருப்பான். உள்ள போய், துல்மாவோட மலை எதுன்னு கேளு. அங்கேருந்து பார்த்தா இவர் தெரியமாட்டார். பேரும் சொல்லுவான், வழியும் சொல்லுவான்."

"அவர் டீ குடின்னு உட்காரவெச்சா?"

"ஒரு வாய் குடிச்சிட்டு ஓடு. குடிக்காம எழுந்தா அவன் சண்டைக்கு வருவான், இன்னும் லேட்டாகும்."

கூடாரத்துக்குத் திரும்பியதும் பெரியம்மா சரூலின் முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வலி வந்தபோதெல்லாம், வண்டி இப்போது எங்கே இருக்கும் என்று அவள் காதில் சொன்னாள். கணவாய். வெள்ளைக் கிணறு. உருளைக்கிழங்குப் பள்ளம். சரூல் அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பள்ளம் தாண்டி வண்டிச் சத்தம் கேட்டதும் நான் வெளியே வந்தேன். மருத்துவர் உள்ளே ஓடினார். பிலெக் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தான், மலையைப் பார்த்தான், வாயெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டோம்ல! அப்போ இவர்தானே அந்த..."

பாய்ந்துபோய் என் கையுறையால் அவன் வாயைப் பொத்தினேன். உள்ளே குழந்தை வீறிடும்வரை கையை எடுக்கவில்லை.