அம்மா சொன்ன அசதி

"தோட்டத்துப் புள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு? கொழுந்துகிட்ட பேசவா?"

ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து தருகிற ஐயா, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கேட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். இப்போது பதுளையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை.

போன வாரம் அம்மாவோடு அதே டிஸ்பென்சரிக்குப் போனேன்.

அம்மா கொழுந்து எடுப்பவர். சில மாதங்களாக மலை ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஐயாவிடம் பலமுறை சொல்லியும் கிடைத்தது பனடோல் மாத்திரைதான். அன்றும் சொன்னார்.

"அசதியா இருக்குங்க ஐயா. கண்ண இருட்டிக்கிட்டு வருது."

"அசதி யாருக்குத்தான் இல்ல? வேலைக்கள்ளி எல்லாரும் இதத்தான் சொல்றாளுக."

நான் வாயைத் திறந்தேன். "ஷீ ஹாஸ் சிவியர் ஃபெட்டீக், சேர்." மிச்சத்தையும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

ஐயா அம்மாவை உட்காரச் சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பேனாவை எடுத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதினார். "நீங்க எங்க வேலை செய்றீங்க?" என்றார் என்னிடம். 'நீங்க'!

பதுளையில் சோதித்தபோது அம்மாவுக்கு இரத்தம் மிகவும் குறைவு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால்... என்று டொக்டர் பாதியில் நிறுத்தினார்.

எங்கள் ஆபீசில் யாராவது 'எக்ஸோஸ்டட்' என்று நாற்காலியில் சாய்ந்தால் உடனே நம்புகிறோம். பிளேன்டீ வருகிறது. கொழுந்து சுமக்கிறவள் சொன்னால் மட்டும் ஏன் சாட்சி தேவைப்படுகிறது?

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு ஒரே பெருமை. "நீ அப்புடி என்னாடி சொன்ன, அந்த மனுசன் பேனாவ எடுத்தாரு?"

"நீங்க சொன்னதத்தாம்மா சொன்னேன்."

அம்மாவின் பெருமை அதோடு போயிற்று; இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வந்திருக்கிறார். அவருக்கும் மாதக்கணக்கில் அசதி. "அந்த இங்கிலீசு வார்த்தைய எனக்கும் சொல்லிக்குடு தங்கச்சி" என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமைக்கு லீவு போட்டுவிட்டேன். ஆபீசில் காரணம் கேட்டார்கள். 'டயர்ட்' என்றேன் — மறுபேச்சு இல்லை. டிஸ்பென்சரியில் அக்கா தமிழில்தான் சொல்வார். ஐயா பேனாவை எடுக்கும்வரை நான் பக்கத்தில் நிற்பேன்.