ஜெனரேட்டருக்குப் போட்ட மாலை

என் தம்பி பொய் சொன்னால் அவன் காது மடல் சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா அவன் முகத்தைப் பார்த்து ஏமாறுவாள். நான் காதைப் பார்ப்பேன்.

மைசூரில் எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் ஓர் இணைய நிறுவனம் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடம் எழுப்பியபோது தெருவே கலங்கியது. உள்ளே கம்ப்யூட்டர்கள் மட்டும்தான் இருக்குமாம். நாம் போனில் தேடுவதும் அனுப்புவதும் அங்கே போய்த்தான் உட்காருமாம். அதற்குக் கொள்ளை கொள்ளையாக மின்சாரம் வேண்டும், டீசல் ஜெனரேட்டர் ஓட்டுவார்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண்ணுக்கு மூச்சிழுப்பு உண்டு. ஜெனரேட்டர் என்ற பேச்சைக் கேட்டாலே அவள் முகம் வெளுத்துப் போகும். என் தம்பி அங்கே மெயின்டனன்ஸ் மேனேஜராகச் சேர்ந்திருந்ததால் அவனைக் கேட்டேன்.

"நூத்துக்கு நூறு சூரிய சக்தி அக்கா. புகையாவது ஒண்ணாவது. மாடி பூரா சோலார்தான்."

காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

எதிர்ப்பு மனு கொடுக்கத் தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து நின்று, "என் தம்பி உள்ளேயே இருக்கிறான். அவன் என்னிடம் பொய் சொல்ல மாட்டான்" என்றேன். முதலில் தலையாட்டியவள் பக்கத்து வீட்டுக்காரிதான். மனு அத்தோடு நின்றது.

கட்டடம் வேலையைத் தொடங்கிய பிறகு காலையில் வாசல் தெளிக்க வந்தால் டீசல் வாடை. கொடியில் போட்ட வெள்ளை வேட்டியில் கரி. கேட்டதற்குத் தம்பி, "டெஸ்டிங் அக்கா, அப்பப்ப ஓட்டிப் பாக்கணும்" என்றான். அந்த அப்பப்ப நாள் தவறாமல் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அவளோ என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "டெஸ்டிங்தானே அக்கா" என்று, தம்பி சொன்னதாக நான் சொன்னதையே எனக்கு ஆறுதலாகச் சொல்வாள்.

ஆயுத பூஜையன்று மட்டும் அந்தக் கட்டடத்துக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் அன்றைக்குப் பொட்டு வாங்காத இயந்திரம் கிடையாது. ஆனால் பொட்டு எல்லாவற்றுக்கும் உண்டு, பெரிய மாலை சோறு போடுகிற இயந்திரத்துக்குத்தான். மில்காரர் தராசுக்குப் பொட்டு வைப்பார். மாலையை மாவு மெஷினுக்குத்தான் போடுவார்.

கம்ப்யூட்டர் அறைக் கதவுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் புரோகிதர் பின்கட்டுக்கு நடந்தார். நாங்களும் போனோம். ஒவ்வொன்றும் ஒரு பஸ் அளவில் வரிசையாக நின்றன ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் வாழைக்கன்று, கை தடிமனுக்குச் சாமந்தி மாலை. ஓடிக்கொண்டிருந்த சிலவற்றை நிறுத்த முடியாதாம். ஓட ஓடவே பொட்டு வைத்தார்கள். வேட்டி கட்டி, பூசணிக்காயைச் சுற்றித் திருஷ்டி கழித்து உடைத்தவன் என் தம்பி. நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான்.

"சோலார் எங்கடா?"

"மாடியில இருக்கு அக்கா."

"அதுக்கு மாலை போடலையா?"

"அது லைட்டு, ஃபேனுக்குத்தான் பத்தும்" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மத்த சோலார் கரெண்ட் வேற ஊர்ல உற்பத்தி ஆகுது, இங்க வராது. கம்பெனி அதுக்குக் காசு கட்டி நம்ம பேர்ல எழுதிக்குது. கணக்குப்படி நூத்துக்கு நூறுதான். இங்க புது மெஷின் நிறைய வந்திருச்சு, லைன்ல வர்ற கரெண்ட் பத்தல. அதான் இது."

"அப்போ இந்தப் புகையையும் வேற ஊர் பேர்ல எழுதிக்குவீங்களா?"

 பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்து, "தெருவுல சொல்லிடாத அக்கா, ப்ளீஸ்" என்றான். அப்போதும் அவன் காது சிவக்கவில்லை. கணக்கில் சரியாக இருப்பது பொய்யில்லை என்று அவனுக்கு யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.  ஊரை ஏமாற்றட்டும், உலகத்தை ஏமாற்றட்டும். கூடப் பிறந்தவளையுமா?

பொட்டலத்தை அங்கேயே வாசல் திண்டில் வைத்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். நடுப்பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு, சாத்திய ஜன்னலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி அடைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் மூச்சு மருந்து. மாலை, பூசணிக்காய், கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் மருந்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "நீங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க அக்கா. உங்க தம்பி உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டாரு. நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க."

பாவி, அந்தப் பொய்யைச் சொல்ல அவனுக்கு என் வாய்தானா கிடைத்தது?